'போதுமா?' என்று கேட்காதீர்கள்

கேள்வி: மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் புது வீட்டுக்குக் குடிபோகிறோம். 60 பேருக்கு வாழை இலையில் ஏழு கறி (ஏழு வகைக் காய்கறி) விருந்து. பாதிப் பேர் கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவளி), போஜ்புரி (வட இந்திய வம்சாவளி) அண்டை வீட்டார். யாருக்கும் சங்கடம் வராமல் பரிமாறுவது எப்படி?

பதில்: 60 பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்காதீர்கள். முதல் இலைக்குச் சோறு வரும்போது கடைசி இலையில் உப்புகூட விழுந்திருக்காது. 20 பேராக மூன்று பந்தி, பந்திக்கு நான்கு பேர் பரிமாறட்டும். அந்த நால்வருக்கும் முன்பே ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். பசியோடு பரிமாறும் கையில் நிதானம் இருக்காது.

இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உப்பும் அச்சாரும் (ஊறுகாய்) இடது மேல் மூலையில், கறிகள் மேல் பாதியில், சோறு கீழ்ப் பாதியில். வலக்கையால் பிசைவதற்கு இடம் வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

உபசரிப்பு கெடுவது பெரும்பாலும் அளவில்தான். பூசணியோ பலாக்காயோ, முதல் சுற்றில் சிறு கரண்டியால் ஒரு தடவை போதும். பழக்கமில்லாதவர், இலையில் விழுந்ததையெல்லாம் தின்று தீர்க்க வேண்டும் என்று பயப்படுவார். நம்மவர்களுக்கோ குவித்துப் போட்டால்தான் அன்பு! அடுத்த சுற்றில் "போதுமா?" என்று கேட்டால், கூச்சக்காரர் போதும் என்றுதான் சொல்வார். "பலாக்காய் இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கறியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்; கிரியோல் மொழியில் கேட்டாலும் அப்படித்தான். இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தவரிடம் மறுபடி கேட்க வேண்டாம்.

போஜ்புரிக் குடும்பங்கள் கல்யாணத்தில் பூரியோடு ஏழு கறி சாப்பிட்டவர்கள், அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. மற்றவர்களுக்காக எல்லோர் தண்ணீர்க் குவளை அருகிலும் ஒரு கரண்டி வைத்துவிடுங்கள், "கரண்டி வேண்டுமா?" என்று ஒருவரை மட்டும் கேட்பதுதான் சங்கடம். மேசையில் இலை போட்டால் ரசம் மடியில் வழியும், அதைச் சிறு கிண்ணத்தில் கொடுங்கள். வரிசையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பக்கத்து இலையை எடுக்கக் கூடாது.

சுபநிகழ்ச்சியில் சாப்பிட்டு முடித்தபின் இலையை நம் பக்கமாக மடிப்பது வழக்கம். விருந்தினர் எதிர்ப்புறம் மடித்தால் திருத்த வேண்டாம். அதைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடிய பாட்டி வீட்டில் இருந்தால், முதல் பந்தியிலேயே அவருக்குப் பரிமாறி உள்ளே அனுப்பிவிடுங்கள்.