வாசகர் கேள்வி – பதில்: அளவுக்கு வெட்டி ஒட்டும் பொலித்தீன் பை

பார்சல் அனுப்புகிற சிறு தொழில் செய்வோரிடமிருந்து பொலித்தீன் ரியூப் றோல் பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. இந்த இதழின் பகுதி முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: பாய், மூடல்பெட்டி, நீத்துப்பெட்டி போன்ற பனையோலைப் பொருட்களைக் கொறியரில் அனுப்புகிறோம். கடைப் பைகள் ஒன்றுக்குக் கட்டை, மற்றதுக்கு நீட்டு. ரியூப் றோல் வாங்கினால் வேண்டிய நீளத்துக்கு வெட்டலாம் என்கிறார்கள். எந்த அகலம், எந்தத் தடிப்பு வாங்குவது? (வாசகி, சுன்னாகம்)

பதில்: ரியூப் றோல் என்பது இரு பக்கமும் மூடி, இரு முனையும் திறந்த நீளப் பொலித்தீன் குழாய். தட்டையாக அமர்த்திக் கடதாசிக் குழலில் சுற்றி விற்பார்கள். நீளத்தை நீங்கள் வெட்டிக்கொள்ளலாம், அகலத்தை மாற்ற முடியாது. அதனால் வாங்கமுன் அகலத்தைச் சரியாகக் கணக்குப் பாருங்கள்.

றோலுக்குச் சொல்லும் அகலம், அது தட்டையாகக் கிடக்கும்போது உள்ள அகலம். விரிந்தால் அதன் சுற்றளவு இரண்டு மடங்கு. ஆகவே பொருளின் தடித்த இடத்தில் தையல் நாடாவைச் சுற்றி அளந்து, பாதியாக்கி, தளர்வுக்கு 3 தொடக்கம் 5 செ.மீ. கூட்டுங்கள். 15 செ.மீ. விட்டத்தில் சுருட்டிய பாயின் சுற்றளவு ஏறக்குறைய 47 செ.மீ. பாதி 23½. தளர்வோடு 27 செ.மீ. 10 அங்குல றோல் 25.4 செ.மீ. தான், பாய் நுழையும், ஆனால் இழுத்துத் திணிக்கும்போது ஓலை நுனி பையைக் கிழிக்கும். 12 அங்குலம் எடுங்கள்.

பெட்டிக்கு இன்னும் சுலபம். அகலத்தையும் உயரத்தையும் கூட்டினால் அதுவே பாதிச் சுற்றளவு. 30 செ.மீ. நீளம், 25 அகலம், 20 உயரமுள்ள மூடல்பெட்டிக்கு 25 + 20 + 4 = 49 செ.மீ. 20 அங்குல றோல் அளவாக இருக்கும். நீத்துப்பெட்டிக்கு அதன் விரிந்த வாயை அளக்கவேண்டும், கூம்பை அல்ல.

வெட்டும் நீளத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். பொருளின் நீளத்துக்கு மட்டும் வெட்டினால் வாய் மூடாது. இரு முனையிலும் பொலித்தீன் சரிந்து வந்து சேர இடம் வேண்டும். பொருளின் நீளம், அதனோடு உயரம் அல்லது விட்டம், ஒட்டுக்கு 5 செ.மீ. இதுதான் கணக்கு. 90 செ.மீ. பாய்க்கு 90 + 15 + 5 = 110. மேலே சொன்ன பெட்டிக்கு 30 + 20 + 5 = 55.

உங்கள் பொருட்களுக்கு 12, 20 அங்குலம் என்ற இரண்டு றோலே போதும். ஐந்தாறு அகலம் வாங்கி மூலையில் தூசி பிடிக்க விடுவது வீண் செலவு. 12 அங்குல ரியூப்பை நடுவால் நீளவாக்கில், ஒரு செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடாக ஒட்டி, இடையில் வெட்டினால் ஒடுக்கமான இரண்டு குழாய் கிடைக்கும். பொலித்தீனைச் சூட்டால் ஒட்டும் கருவியான சீலரின் நீளத்துக்கு உட்பட்ட சின்னப் பைகளுக்கு இது நல்ல வழி.

தடிப்பு: தூசியும் தூறலும் படாமல் இருந்தால் போதுமென்றால் 200 கேஜ், அதாவது 50 மைக்ரோன். ஈர்க்குகளும் ஓலை நுனிகளும் குத்தும் பொருளுக்கு 300 கேஜ், 75 மைக்ரோன். அதற்கு மேல் ஓலைப் பொருளுக்குத் தேவையில்லை.

ஒன்று மட்டும் கவனம். பை வெளி ஈரத்தைத் தடுப்பதுபோல உள் ஈரத்தையும் வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அப்படியே ஒட்டினால் பார்சல் போய்ச் சேரமுன் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்து, நிழலில் நன்றாக ஆறவிட்டு, பிறகு பையில் இடுங்கள். சூட்டோடு அடைத்தால் உட்புறம் வியர்த்து நீர் கோர்க்கும்.

கேள்வி: 300 கேஜ் என்று சொல்லித்தான் தந்தார்கள். கையில் பிடித்தால் மெல்லிசாகத் தெரிகிறது. எப்படிச் சோதிப்பது? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: தராசு போதும். அகலத்தை அங்குலத்தில் எடுத்து, கேஜால் பெருக்கி, 0.0117 ஆல் பெருக்குங்கள். ஒரு மீற்றர் ரியூப்பின் நிறை கிராமில் வரும். சாதாரண மென் பொலித்தீனின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.92 கிராம் என்பதிலிருந்தும், 100 கேஜ் 25 மைக்ரோன் என்பதிலிருந்தும் வருகிற கணக்கு இது.

12 அங்குலம், 300 கேஜ் என்றால் 42 கிராம் நிற்கவேண்டும். ஒரு மீற்றரை நேராக வெட்டி, மடித்து, சமையல் தராசில் வையுங்கள். 38 கிராம் காட்டினால் உங்களிடம் இருப்பது 270 கேஜ். உற்பத்தியில் ஐந்து, பத்து வீதம் கூடக்குறைய வருவது வழமை, அதைப் பெரிதுபடுத்தவேண்டாம். 30 கிராம் காட்டினால் அது 300 அல்ல, 214 கேஜ்.

றோலைக் கிலோவுக்கு வாங்கும்போது நடுக் கடதாசிக் குழலின் நிறையைக் கழித்தார்களா என்றும் கேளுங்கள். தடித்த குழலுக்கும் பொலித்தீன் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. இதே கணக்கால் பைச் செலவும் தெரியும்: மேலே சொன்ன 110 செ.மீ. பை 46 கிராம், கிலோவுக்கு 21 பை.

சாம்பல் படர்ந்த நிறம், எண்ணெய் மணம், வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் மீள்சுழற்சிப் பொலித்தீன் கலந்திருக்கும். பாய்க்குப் பரவாயில்லை. ஒடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் எதற்கும் வேண்டாம்.

கேள்வி: மேசைச் சீலர் ஒன்று வாங்கினேன். காலையில் ஒட்டும் பைகள் நன்றாக இருக்கின்றன. பின்னேரம் ஒட்டியவை இழுத்தால் கழன்று வருகின்றன. சீலர் பழுதா? (வாசகர், நெல்லியடி)

பதில்: சீலர் பெரும்பாலும் சரி. வோல்ற்றேஜ்தான் இறங்கியிருக்கும். இந்தச் சீலரில் தட்டையான நிக்குரோம் கம்பி ஒன்று, மேல்கையை அழுத்தும் கணத்தில் மட்டும் சூடாகிறது. எவ்வளவு நேரம் என்பதை ரைமர் முடிவு செய்கிறது. சூட்டின் அளவை அது பார்ப்பதில்லை. 230 வோல்ற் 200க்கு இறங்கினால் கம்பியின் வெப்பம் கால்வாசி குறையும். ஊர் முழுக்க விளக்கும் மோட்டரும் போடும் நேரத்தில் ரைமரை அரை எண் கூட்டி வைக்கவேண்டும். தொகையாக ஒட்டும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எந்த எண்ணில் வைப்பது என்பதை ஒவ்வொரு றோலுக்கும் துண்டு வெட்டிப் பாருங்கள். குறைந்த எண்ணில் தொடங்கி அரை அரையாகக் கூட்டுங்கள். ஒட்டை இரு கையாலும் பிரித்து இழுக்கும்போது கோடு உரிந்து திறந்தால் சூடு போதாது. கோட்டின் ஓரத்தில் நூல்போல அறுந்தால் சூடு அதிகம், ஓரம் உருகி மெலிந்துவிட்டது. கோடு அப்படியே இருக்க, பக்கத்துப் பொலித்தீன் இழுபட்டு நீண்டால் அதுதான் சரியான எண். முப்பது, நாற்பது பை தொடர்ந்து ஒட்டியபின் அடிப்பலகையே சூடேறிவிடும். அப்போது அரை எண் குறையுங்கள்.

சீலரின் விளக்கு அணைந்ததும் மேல்கையைத் தூக்கிவிடுவதுதான் கழன்று போவதற்கு அடுத்த பெரிய காரணம். உருகிய பொலித்தீன் அழுத்தத்தின் கீழே ஆறினால்தான் இறுகும். அணைந்த பின்னும் இரண்டு விநாடி, 400 கேஜுக்கு மூன்று விநாடி, அழுத்திப் பிடியுங்கள்.

மற்றவை: ஒடியல் மா, மிளகாய்த்தூள் போன்றவை ஒட்டும் இடத்தில் படிந்தால் எந்தச் சூட்டிலும் ஒட்டாது. தடித்த கடதாசியைச் சுருட்டிப் பையின் வாய்க்குள் 10 செ.மீ. இறக்கி, அதன் ஊடாகக் கொட்டி, பிறகு கடதாசியை உருவுங்கள். சுருக்கம் விழுந்த இடத்தில் நுண்துளை நிற்கும். பக்கமடிப்பு உள்ள ரியூப்பில் ஓரம் நாலு படை, நடு இரண்டு படை. நாலு இரண்டாகும் அந்த மூலையால்தான் காற்று போகும். ஆகவே முதல் கோட்டுக்கு ஒரு செ.மீ. தள்ளி இரண்டாவது கோடும் போடுங்கள். கம்பியின் மேலுள்ள ரெப்லோன் துணி கருகிக் கிழிந்தால் பொலித்தீன் கம்பியிலேயே ஒட்டும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, துணியை மாற்றவேண்டும். மேல்கையில் உள்ள சிலிக்கோன் றப்பர் பள்ளமாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

சீலரின் நீளம் றோலின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். 300 மி.மீ. சீலரில் 12 அங்குல றோலே முழுதாக அடங்காது, 305 மி.மீ. வரும். 400 மி.மீ. வாங்கியிருந்தால் நிம்மதி. 20 அங்குல றோலை அதில் இரண்டு தடவையாக, 2 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டலாம். தூசிக்குத் தாங்கும், தண்ணீருக்கு நம்பவேண்டாம்.

கேள்வி: வெட்டும்போது நீளம் ஒரே மாதிரி வருவதில்லை. (அதே வாசகர்)

பதில்: றோலை நிலத்தில் உருட்டி வெட்டினால் அப்படித்தான். ஒரு நீர்க்குழாய்த் துண்டைக் கடதாசிக் குழலுக்குள் விட்டு, இரண்டு மரக்கட்டைகளில் தாங்க வைத்து, மேசையின் வலப்பக்கம் நிறுத்துங்கள். சீலரை அதன் முன்னால் அசையாமல் பொருத்துங்கள். சீலர்க் கோட்டிலிருந்து இடப்பக்கம் பை நீளத்தை அளந்து ஒரு சட்டத்தை ஆணியடியுங்கள். ரியூப்பின் முனையைச் சட்டத்தில் முட்டும்வரை இழுத்து, ஒட்டி, ஒட்டுக்கு வலப்பக்கம் ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். இடப்பக்கம் திறந்த வாய், வலப்பக்கம் அடி. ஒரு பைக்கு ஒரே ஒட்டு, றோலின் முனையும் அடுத்த பைக்குத் திறந்தே கிடக்கும். வாய் ஒட்டிக்கொண்டால் மூலையை விரலிடையில் தேய்த்தால் திறக்கும். உணவுப் பையை வாயால் ஊதித் திறக்கவேண்டாம்.

கேள்வி: மெழுகுதிரியும் இரும்பு அறுக்கும் வாள் பிளேட்டும் வைத்து ஒட்டினால் ஆகாதா? (வாசகி, அச்சுவேலி)

பதில்: கச்சான் பைக்கு ஆகும். கரி படியும், கோடு நேராக வராது, 200 கேஜுக்கு மேல் உள்படை உருகமுன் வெளிப்படை எரியும்.

கேள்வி: கருவாட்டை இரண்டு பையில் போட்டு ஒட்டியும் மணம் வெளியே வருகிறது. கொறியரில் எடுக்க மறுக்கிறார்கள். (வாசகர், குருநகர்)

பதில்: உங்கள் ஒட்டில் குறையில்லை. சாதாரணப் பொலித்தீன் நீராவியை ஓரளவு மறிக்கும், மணத்தை மறிக்காது. மூன்றாவது பை போட்டாலும் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நைலோன் படை சேர்ந்த பலபடை ரியூப் றோல் கேட்டு வாங்குங்கள். வக்கியூம் பைக்கென்று விற்பது அதுதான். சாதாரணச் சீலரால் ஒட்டலாம், ரைமரை மட்டும் கூட்டவேண்டும். செட்டையும் முள்ளும் குத்தாதபடி தலைப்பக்கத்தைத் தடித்த கடதாசியால் சுற்றுங்கள். வாயில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

காற்றை இழுத்து அடைத்தால் பூஞ்சணம் குறையும் என்பதை நம்பி அரைகுறையாகக் காய்ந்த மீனை அடைக்கவேண்டாம். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிகளும் உண்டு. நன்றாக உப்பிட்டு முற்றாகக் காய்ந்தது மட்டும் பைக்குள் போகட்டும்.

கேள்வி: படகின் வெளியிணைப்பு எஞ்சின் உதிரிப்பாகங்களைப் பையில் ஒட்டி வைக்கிறேன். உள்ளேயே துருப்பிடிக்கிறது. (வாசகர், பருத்தித்துறை)

பதில்: கடற்கரைக் காற்றையும் கை வியர்வை உப்பையும் சேர்த்தே அடைக்கிறீர்கள். பாகத்தை மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்து, காயவிட்டு, கையுறையோடு மெல்லிய எண்ணெய் பூசி அடையுங்கள். ஒட்டுமிடத்தில் எண்ணெய் படக்கூடாது. பத்திரிகைத் தாளும் காட்போட்டும் ஈரத்தை வைத்திருக்கும், உள்ளே வேண்டாம். 400 கேஜுக்குக் குறையாத ரியூப், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொதி. நிறம் மாறிய ஜெல்லைக் காயவைத்தால் திரும்பப் பாவிக்கலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ற் உண்டு. அதை உணவுப் பைகளுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். மாதக்கணக்கில் வைப்பதென்றால் துருத்தடுப்பு ஆவி வெளிவிடும் ரியூப் தனியாக உண்டு. பித்தளை, செம்பு கலந்த பாகமென்றால் அதற்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பொலித்தீன் தடை இந்த றோலுக்கும் உண்டா? (வாசகி, கோப்பாய்)

பதில்: இலங்கையில் 2017 செப்டெம்பரில் வந்த தடை 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்கு. அது 80 கேஜ். 200 கேஜ் றோல் அதில் சேராது. சோற்றுப் பார்சல் சுற்றும் தாளுக்கும் அப்போதே தடை வந்தது, ஆகவே றோலை வெட்டி விரித்துச் சாப்பாடு சுற்ற வேண்டாம். வெட்டிய கழிவை முற்றத்தில் எரிப்பதும் குற்றம். சுத்தமான துண்டுகளைச் சேர்த்து வையுங்கள்: நீளமானவை பெட்டிக்குள் இடைவெளி நிரப்ப உதவும், கட்டையானவை அடுத்த றோலுக்கு ரைமர் எண் பார்க்க உதவும்.