கண்ணாடியிழை விமானத்தில் ஆண்டெனாக்களை உடலுக்குள்ளேயே வைக்கலாமா?

வீட்டில் கட்டிவரும் இரண்டு இருக்கை கண்ணாடியிழை விமானத்தில் பேச்சு ரேடியோ, வி.ஓ.ஆர். (தரை நிலையத்தின் அலையைக் கொண்டு திசை காட்டும் கருவி), ஜி.பி.எஸ். ஆண்டெனாக்களை வெளியே நீட்டாமல் உள்ளேயே பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருத்தலாம். ஆனால் வால்துடுப்பை ஒட்டி மூடுவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள். பெங்களூரில் விமான மின்னணுக் கருவிகள் பொருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். மூடியபின் உள்ளே கை போகாது. பிறகு அறுத்துத்தான் திறக்க வேண்டும்.

கண்ணாடியிழை ரேடியோ அலையைத் தடுப்பதில்லை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்துவதால் அலையை மறித்துவிடும். எனவே எந்தப் பகுதியில் கார்பன் இருக்கிறது என்பதை வரைபடத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உலோகத் துகள் கலந்த பெயின்ட்டையும் ஆண்டெனா இருக்கும் பகுதியில் தவிர்த்துவிடுங்கள்.

பேச்சு ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அதன் அலை செங்குத்தாக அதிர்வது. ஆகவே ஆண்டெனாவும் நின்றவாக்கில் இருக்க வேண்டும். வால்துடுப்பின் உட்பக்கம் செப்புப் பட்டையால் டைபோல், அதாவது இரண்டு கைகள் கொண்ட ஆண்டெனா, ஒட்டுவதே என் முதல் தேர்வு. ஒவ்வொரு கையும் சுமார் 55 செ.மீ. வரும். கேபிள் இணையும் இடத்தில் சில ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையங்களைக் கோத்துவிடுங்கள். இல்லையென்றால் கேபிளின் மேலுறையும் ஆண்டெனாவாக வேலை செய்யத் தொடங்கும். துடுப்பில் அவ்வளவு உயரம் இல்லையா? வெளியே நீட்டும் குச்சி ஆண்டெனாவே நல்லது. ஆனால் அதற்குக் கீழே உலோகப் பரப்பு வேண்டும். அலுமினிய விமானத்தில் தோலே அந்தப் பரப்பு. உங்களுடையதில் அடியிலிருந்து நான்கு திசையிலும் ஏறக்குறைய 60 செ.மீ. நீளத்துக்குச் செப்புப் பட்டைகளை விரிக்க வேண்டும். பலர் குச்சிக்குப் பணம் செலவழித்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஆண்டெனாவில் பாதி இந்தப் பரப்புதான்.

வி.ஓ.ஆர். 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரை, கிடையாக அதிரும் அலை. அதனால் அந்த டைபோலை இறக்கை முனையிலோ கிடைவாலிலோ படுத்தவாக்கில் வையுங்கள். ஜி.பி.எஸ். இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். வானிலிருந்து வரும் ஜி.பி.எஸ். சிக்னல் மிக மெலிது, எளிதில் குலைந்துவிடும். தரையிலிருந்து வரும் இரண்டாவது வழிகாட்டியை நான் விடமாட்டேன்.

ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரின் 7 செ.மீ. குச்சி வயிற்றுப் பக்கம், இருக்கைகளிலிருந்து தள்ளி. வில்லை போன்ற ஜி.பி.எஸ். ஆண்டெனா மேலே, வானம் தெரியும்படி.

கேபிளில் சிக்கனம் வேண்டாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டிவி கேபிள் 75 ஓம். நமக்கு வேண்டியது 50 ஓம். இரட்டை உறை கொண்ட ஆர்.ஜி.400 வாங்குங்கள். மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப் விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஒட்டுவதற்கு முன் ஆண்டெனாவைச் சோதிக்கும் சிறு கருவியான நானோ வி.என்.ஏ. கொண்டு அளந்துவிடுங்கள். ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு பேச்சு அலைவரிசை முழுவதும் 2-க்குக் கீழே இருக்க வேண்டும். 2 என்றால் அனுப்பும் ஆற்றலில் 11 சதவீதம் திரும்பி வருகிறது என்று பொருள். பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து பறப்பவருக்கு எலஹங்கா விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே குரல் தெளிவாகப் போய்ச் சேராத ரேடியோவை நான் ஏற்கமாட்டேன்.

கடைசிச் சோதனை தரையில்தான், வேலை முடிந்த பிறகு. பேச்சு ரேடியோ தன் அலைவரிசையின் மடங்குகளிலும் சிறிது கசியும். 121.175 மெகாஹெர்ட்ஸின் 13 மடங்கும் 131.25-இன் 12 மடங்கும் ஜி.பி.எஸ். அலைவரிசையான 1575.42-க்கு மிக அருகில் விழுகின்றன. கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொல்லி அனுமதி பெற்று, அந்த அலைவரிசைகளில் அரை நிமிடம் ஒலிபரப்பியபடி ஜி.பி.எஸ். திரையைப் பாருங்கள். செயற்கைக்கோள்கள் மறைந்தால் இரண்டு ஆண்டெனாக்களுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது ரேடியோ கேபிளில் ஜி.பி.எஸ். அலைவரிசையை மட்டும் தடுக்கும் வடிகட்டியைப் போடுங்கள்.