அம்மாவுக்கு இடம் தேடும்போது எதை மறைக்கக் கூடாது?

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். வயது 49. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். 76 வயதாகும் என் அம்மா, அப்பா இறந்த பின்பும் குடியாத்தத்தில் உள்ள சொந்த வீட்டிலேயே தனியாக இருந்துவந்தார். திருமணமாகி வந்த நாளிலிருந்து அவர் புழங்கிய வீடு அது. வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை அவர் தவறவிட்டதே இல்லை.

ஓராண்டுக்கும் மேலாக அவருடைய நிலைமை மாறிவருகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டது நினைவில்லாமல் மறுபடியும் போட்டுக்கொள்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து, எலும்பு முறியாமல் தப்பியதும் நான் அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது முதல் மாடியில். முட்டிவலியால் அவரால் தனியாகப் படியிறங்க முடியாது. ஆனால் நள்ளிரவில் எழுந்து, அப்பா இன்னும் வரவில்லையே என்று கதவின் தாழ்ப்பாளைத் திறந்து படிக்கட்டின் தலைப்பில் போய் நின்றுவிடுகிறார். சில இரவுகளில் தன்னை அறியாமல் சிறுநீர் போய்விடுகிறது. காலையில் நனைந்த புடவையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறார். நானும் பார்க்காததுபோல் எடுத்துத் துவைத்துப் போடுகிறேன். தூக்கமில்லாமல் பள்ளிக்குப் போய் வகுப்பெடுப்பது நாளுக்கு நாள் கடினமாகிறது.

புனேயில் இருக்கும் என் அண்ணன், முதியோர் இல்லங்களைத் தேடித் தரும் சென்னை ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறார். நம்மிடம் கட்டணம் எதுவும் வாங்கமாட்டாராம். கனிவாகத்தான் பேசுகிறார். தாம்பரத்துக்கு அப்பால் இரண்டு, கோயம்புத்தூரில் ஒன்று என மூன்று இடங்களின் படங்களை அனுப்பினார். ஒரே ஓர் அறைதான் காலியாக இருப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டவேண்டும் என்றும் சொல்கிறார். அவர் அனுப்பிய படிவத்தில், இரவில் எழுந்து நடமாடுவாரா, சிறுநீர்க் கட்டுப்பாடு உண்டா என்று கேள்விகள் இருக்கின்றன. "நடமாடமாட்டார், கட்டுப்பாடு உண்டு என்று எழுது. உண்மையைச் சொன்னால் நல்ல இடத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். உள்ளே போன பின்பு அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார் அண்ணன். அம்மாவிடம் உடல் பரிசோதனைக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப்போய்விடலாம் என்பதும், வைப்புத்தொகைக்காகக் குடியாத்தம் வீட்டை விற்றுவிடலாம் என்பதும் அவருடைய யோசனைகள்.

பெரியம்மாவோ, "பெத்த பொண்ணு இருக்கும்போது எதுக்குடி ஹோமு?" என்று தொலைபேசியில் கேட்கிறார். அந்தப் பேச்சு அம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். அன்று மாலை, "இன்னாடி, என்ன எங்க கொண்டுபோய் வுடப் போறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. படிவம் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. நான் என்ன செய்யவேண்டும்?

— ஒரு வாசகி, வேலூர்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். உங்கள் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் என்பதால் இதையே முதலில் சொல்கிறேன்.

இல்லம் தேடித் தருபவர் உங்கள் அம்மாவோடு ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. நீங்கள் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு ஆதாரம் இல்லை. முதியோருக்கான இடங்கள் பல வகைப்படும். தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள் கூடி வாழும் குடியிருப்புகள் உண்டு. குளிக்கவும் உடுத்தவும் துணை தேவைப்படுபவர்களுக்கானவை உண்டு. மறதிநோய் உள்ளவர்களுக்காக இரவு முழுவதும் விழித்திருக்கும் பணியாளரையும் பாதுகாப்பான வாசல்களையும் கொண்டவை உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மருத்துவச் செவிலியரை வைத்துக் கவனிப்பவையும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு வேண்டியது இவற்றில் மூன்றாவது வகையாக இருக்கலாம். அண்ணன் சொன்னபடி எழுதினால் அவர் முதல் வகையில் போய்ச் சேருவார். அங்கே இரவுப் பணியில் ஒருவர் மட்டுமே இருக்கக்கூடும், அவரும் உறங்கிக்கொண்டிருக்கலாம். அம்மா அப்பாவைத் தேடி எழுந்து நடக்கும் முதல் இரவிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். அதன்பின் உங்களைக் கூப்பிட்டுத் திரும்ப அழைத்துப்போகச் சொல்வார்கள். இல்லையென்றால் அறையை வெளியிலிருந்து தாழிடுவார்கள், அல்லது தூக்க மாத்திரை கொடுப்பார்கள். முதுமையில் தூக்க மாத்திரைகள் குழப்பத்தையும் விழும் அபாயத்தையும் கூட்டும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. நினைவு தடுமாறும் ஒருவரை ஒருமுறை இடம் மாற்றுவதே பெரிய சுமை. குறுகிய காலத்துக்குள் இரண்டாம் முறையும் மாற்றுவது அவரை மேலும் நிலைகுலையச் செய்யும்.

அண்ணன் கெட்ட எண்ணத்தில் இதைச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அம்மா நனைந்த புடவையைக் கட்டிலுக்கு அடியில் மறைப்பதும், மகன் அந்தக் கேள்விக்குப் பொய்ப் பதில் எழுதச் சொல்வதும் ஒரே கூச்சத்திலிருந்து வருபவை. நம்மைக் கைபிடித்து வளர்த்தவருக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை என்று முன்பின் அறியாத ஒருவரிடம் எழுதிக் கொடுப்பது, அவரை நாமே அவமதிப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் முதியோர் பராமரிப்பில் பழகியவருக்கு அது அன்றாடச் செய்தி, அதில் இழிவு எதுவும் இல்லை. இவ்வளவு நாளும் நீங்கள் பார்க்காததுபோல் அந்தப் புடவையை எடுத்துத் துவைத்தது அம்மாவின் மானத்தைக் காத்த செயல். அதே பக்குவத்தோடு கவனிக்கும் ஆட்கள் இருக்கும் இடத்தைத்தான் இப்போது தேடவேண்டியிருக்கிறது. தேவை என்னவென்று தெரிந்தால்தான் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க முடியும்.

இடம் தேடுவதற்கு முன்பே முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மறதி, இரவுக் குழப்பம், சிறுநீர் போய்விடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் எல்லாரும் உடனே முதுமை மறதி என்று முடிவுகட்டிவிடுகிறோம். முதியவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் வரும் தொற்று, காய்ச்சல்கூட இல்லாமல், திடீர்க் குழப்பமாக வெளிப்படுவதுண்டு. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை மாத்திரையை இருமுறை போட்டுக்கொள்வதால் சர்க்கரை இறங்கிவிடுதல் ஆகியவையும் அறிவைத் தடுமாறச் செய்யும். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. கணவரை இழந்த துயரம் மனச்சோர்வாக ஆழ்ந்து, மறதியின் தோற்றத்தில் வெளிப்படுவதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரிலேயே சி.எம்.சி. மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்கெனத் தனித்துறை இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு அம்மாவை அழைத்துப்போய், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டி, முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாத்திரைப் பெட்டியை இன்றே அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, வேளைக்கு வேளை நீங்களோ வீட்டில் உள்ள இன்னொருவரோ எடுத்துக் கொடுங்கள். எந்த வகைப் பராமரிப்பு தேவை என்பதை அந்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொல்வதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். ஆகவே இந்த வெள்ளிக்கிழமைக்குள் யாருக்கும் பணம் கட்டவேண்டாம்.

இனி அந்த ஆலோசகரைப் பற்றிப் பேசுவோம். நம்மிடம் கட்டணம் வாங்காதவர் பெரும்பாலும் இல்லத்திடமிருந்து தரகுத்தொகை பெறுகிறார். அதனாலேயே அவர் நேர்மையற்றவர் ஆகிவிடமாட்டார். எத்தனையோ குடும்பங்கள் இப்படிப்பட்டவர்களால் அலைச்சல் குறைந்து நல்ல இடத்தை அடைந்திருக்கின்றன. ஆனால் தமக்குத் தரகு தரும் இடங்களை மட்டும் அவர் காட்டக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள்: உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள், தரகு தராத இல்லங்களையும் சொல்வீர்களா, பார்க்கப் போகும்போது உடன் வருவீர்களா, அம்மாவுக்கு ஒத்துவராவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், சேர்த்த பின்பும் தொலைபேசியை எடுப்பீர்களா என்று. நல்லவர் இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: உங்களிடம் பேசியவர் அம்மாவிடம் ஒருமுறையாவது பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. மருத்துவ அறிக்கை கைக்கு வந்ததும் அதை அவருக்கு அனுப்பி, வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துக்குள் பொருத்தமான இடம் இருந்தால் மட்டும் சொல்லும்படி கேளுங்கள். கோயம்புத்தூரில் நல்ல குடியிருப்புகள் இருப்பது உண்மைதான் என்றாலும், நீங்கள் வாரம் ஒருமுறை போய் நிற்க முடியாத தூரத்தில் இருக்கும் இடம் எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு ஏற்றதாகாது என்பது என் கருத்து. குடும்பத்தார் அடிக்கடி வந்துபோகும் முதியவர்களைப் பணியாளர்கள் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதையும் அனுபவத்தில் காண்கிறோம்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது மாலை 6 மணிக்கு மேல் போங்கள். பகல் பணியாளர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பின்புதான் ஓர் இல்லத்தின் உண்மையான நிலை தெரியும். தானாகச் சாப்பிட முடியாத ஒருவருக்கு இரவு உணவை எப்படி ஊட்டுகிறார்கள் என்று சற்று நேரம் நின்று பாருங்கள். ஊட்டுபவர் எதிரில் உட்கார்ந்து, விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த கவளத்தைக் கொடுக்கிறாரா, நின்றபடியே வாயில் திணிக்கிறாரா என்பது, வரவேற்பறையில் கொடுக்கும் வண்ணக் கையேட்டைவிட அதிகம் சொல்லும். முதியவர்களின் நகங்களைப் பாருங்கள். கழிவறைப் பிடிகம்பியை உங்கள் கையால் அழுத்தி, அது ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். முதியோர் இல்லங்கள் அரசிடம் பதிவு செய்திருக்கவேண்டும் என்பதால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.

குடியாத்தம் வீட்டை இப்போது விற்கவேண்டாம். அது அம்மாவின் பெயரில் இருக்குமானால், நினைவு தடுமாறும் நிலையில் அவரிடம் வாங்கும் கையெழுத்து பின்னாளில் வழக்காக முடியக்கூடும். அதைவிட முக்கியமாக, போன இடம் ஒத்துவராவிட்டால் திரும்ப ஒரு வாசல் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாது என்று அறிவிக்க அதன் 23 ஆம் பிரிவு வழிசெய்கிறது. உங்கள் குடும்பத்துக்கு அது தேவைப்படாது என்றே நம்புகிறேன். ஆயினும் அண்ணனும் நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பரிசோதனை என்று பொய் சொல்லி அழைத்துப்போகும் வழி வேண்டவே வேண்டாம். நினைவு மங்குபவர்களுக்கு நடந்த சம்பவம் மறந்துபோனாலும், அப்போது எழுந்த பயமும் ஏமாற்றமும் மனத்தில் தங்கிவிடுகின்றன. மருத்துவமனை என்று கிளம்பி வேறொரு வாசலில் இறக்கிவிடப்பட்டவர், அதன்பின் உண்மையிலேயே மருத்துவமனைக்கு அழைத்தாலும் ஆட்டோவில் ஏறமாட்டார். அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் அருகில் உட்கார்ந்து, "அம்மா, ராத்திரியில உனக்குத் துணைக்கு ஆள் வேணும். நானும் முழிச்சிருந்து பார்த்துட்டேன், என்னால முடியல. பக்கத்துலேயே ஒரு இடம் பார்க்கிறேன். நீயும் வந்து பாரு. கொஞ்ச நாள் இருந்து பாரு, புடிக்கலன்னா பேசலாம்" என்று சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், மறுநாள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அதே பதிலை அதே நிதானத்தோடு சொல்லுங்கள். முடிவை முழுவதும் அவர் கையில் விடமுடியாத நிலையிலும், சன்னலோர அறையா உள்ளறையா, எந்தப் பாத்திரம், எந்தப் போர்வை, எந்தச் சாமி படம் உடன் வரவேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். பல இல்லங்கள் ஒரு மாதம் போன்ற குறுகிய காலத்துக்கும் சேர்த்துக்கொள்கின்றன. அதிலிருந்து தொடங்குங்கள். சிரசு ஊர்வலத்துக்கு அவரைக் குடியாத்தம் அழைத்துப்போய்வர முடியுமா என்று இல்லத்தாரிடம் சேர்க்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவின் கேள்வி உங்களைத் துளைப்பது எனக்குப் புரிகிறது. பெற்ற மகளின் வீட்டில் அன்பு இருக்கிறது, விழித்திருக்க ஆள் இல்லை. அவர் பேச்சுக்கு அஞ்சி, தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டே போனால், ஒரு நாள் படிக்கட்டின் தலைப்பில் அம்மா நிற்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். இடம் கிடைக்கும்வரை, கதவின் மேற்பகுதியில் இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்றைப் போட்டு, இரவுக்கு மட்டும் ஒரு பராமரிப்பாளரை அமர்த்துங்கள். செலவை அண்ணன் ஏற்கட்டும். அவரை ஒரு வாரம் விடுப்பெடுத்து வேலூருக்கு வரச்சொல்லி, இரவுகளில் அம்மாவின் அருகில் அவரையே படுக்கச் சொல்லுங்கள். அதன்பின் அந்த இரண்டு கேள்விகளுக்கும் என்ன எழுதவேண்டும் என்பதில் உங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

— உளவியல் ஆலோசகர்