மருந்துக் கடையா, மருந்தியல் ஆராய்ச்சியா? ஒரு தந்தைக்குக் கடிதம்

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "பி.ஃபார்ம் முடித்ததும் பெண் கடையைப் பார்த்துக்கொள்வாள் என்றிருந்தேன். எலிக்கு மருந்து கொடுத்துக்கொண்டு இன்னும் ஏழு வருஷம் படிக்கிறேன் என்கிறாளே?" நின்ற இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான ஜிபாட்டைக் கடைசி வருடத்திலேயே எழுதலாம். தகுதி பெற்று, அங்கீகாரமுள்ள கல்லூரியில் எம்.ஃபார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மொகாலி, ஹைதராபாத் போன்ற ஊர்களில் இருக்கும் நைபர் என்ற மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு. பிறகு முனைவர் படிப்புக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதன்பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கடை வருமானத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் படிப்புக்காக நீங்கள் கடன் வாங்க வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்டதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் மகள் சொன்ன இன்னொரு விஷயம். பத்து ஆய்வுக் கட்டுரைகள் இருந்தால்தான் மதிப்பு என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சலும் வந்திருக்கிறது. தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆய்வுக் கட்டுரை எதற்காக என்று விளக்க, ஃபிரான்சிஸ் கெல்சி என்ற மருந்தியல் ஆய்வாளரைப் பற்றி அவளிடம் சொன்னேன். கனடாவில் பிறந்தவர். 1936-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, பெயரை வைத்து ஆண் என்று நினைத்துத்தான் பேராசிரியர் இடம் கொடுத்தார். மறு ஆண்டு அமெரிக்காவில் சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்துத் திரவம் ஒன்றைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நஞ்சு மருந்தில் இல்லை. அதைக் கரைக்கச் சேர்த்த டைஎத்திலீன் கிளைக்காலில் இருந்தது. அதைக் கண்டறிந்த எலிப் பரிசோதனைகளில் மாணவி கெல்சியும் பங்கெடுத்தார். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் குழந்தைகளைக் கொன்றதும் இதே பொருள்தான், ஐயா. அந்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அந்த வாரம் கடையை அடைத்துவிட்டு, அலமாரியிலிருந்த புட்டிகளையெல்லாம் இறக்கி பேட்ச் எண் பார்த்தேன் என்றீர்களே, உங்கள் மகள் படிக்க விரும்புவது அந்த பயத்துக்கு விடை தேடும் படிப்பு.

1960-இல் கெல்சி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் சேர்ந்த சில வாரங்களில் தாலிடமைடு மாத்திரையின் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த தூக்க மருந்து. நிறுவனம் நெருக்கியது. தந்த சான்றுகள் போதாது என்று கெல்சி மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார். இதற்கிடையில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லெஸ்லி ஃபிளாரன்ஸ் என்ற மருத்துவர் எழுதிய சிறு கடிதம் அவர் கண்ணில் பட்டது: இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்ட நான்கு நோயாளிகளுக்குக் கை கால் மரத்துப்போகிறது. நரம்பைத் தொடும் மருந்து கருவை என்ன செய்யும் என்று கெல்சி கேட்டார். பதில் இல்லை. தாய்மார் கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டதால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தபோது, அமெரிக்கக் கடைகளுக்கு அந்த மாத்திரை வரவேயில்லை. ஒரு கடிதம், நான்கு நோயாளிகள். பார்த்ததை ஒருவர் உள்ளபடி எழுதினார். இன்னொருவர் அதைக் கவனமாகப் படித்தார். ஆய்வுக் கட்டுரை என்பது இதற்காகத்தான்.

ஆகவே கல்லூரிப் பெயருக்கு முன், ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான நெறியாளரைப் பாருங்கள். சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஒரு பேராசிரியரின் வெளியீட்டுப் பட்டியலைத் திறந்தோம். ஒரே ஆண்டில் நாற்பது கட்டுரைகள். ஓர் எலிப் பரிசோதனைக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்; எலிகள் கூண்டுக்குப் பழக ஒரு வாரம், மருந்து கொடுக்க இருபத்தெட்டு நாள், பிறகு ஈரலையும் சிறுநீரகத்தையும் மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். "இவர் எலியை எப்போது சார் பார்த்திருப்பார்?" என்று உங்கள் மகளே கேட்டாள். எனக்கு அத்தனை மகிழ்ச்சி! அடுத்த பெயரைப் பார்த்தோம். ஆண்டுக்கு இரண்டு மூன்று கட்டுரைகள்தான். பெரும்பாலானவற்றில் மாணவர் பெயர் முதலில், ஆசிரியர் பெயர் கடைசியில். அவருக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

வேலை என்றால் பேராசிரியர் பதவி மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். லக்னோவில் 1965 முதல் நச்சியலுக்கென்றே மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மருந்து, பூச்சிக்கொல்லி நிறுவனங்களுக்கு நச்சுப் பரிசோதனை செய்து தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. எம்.ஃபார்ம் முடித்ததும் அவள் அங்கே சேரலாம். முனைவர் பட்டத்தை அப்போது யோசித்தால் போதும். ஏழு வருடத்துக்கும் இன்றே வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை வரும்போது அவளுடைய செய்முறை நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். தவறிப்போன பரிசோதனைகளை அவள் எப்படி எழுதி வைத்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.