கண்வலி விதையில் சத்துக் குறைவா, ஈரம் மிகுதியா?

கேள்வி: ஒரு ஏக்கரில் கண்வலிக்கிழங்கு பயிரிட்டுள்ளேன். காய் பறித்து விதையெடுத்து, மொட்டைமாடி வெயிலில் இரண்டே நாள் காயவைத்து மூட்டை கட்டினேன். விதையில் கோல்ச்சிசின் என்னும் மருந்துப்பொருள் 0.7 சதவீதம் வேண்டும் என்ற வியாபாரி, ஆய்வில் 0.6தான் வந்தது என்று விலையைக் குறைத்துவிட்டார். ஆல்கலாய்டு டானிக் தெளித்தால் கூடும் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு தெளிக்கலாம், ஐயா?

பதில்: தெளிக்கவே வேண்டாம். ஆல்கலாய்டு என்பது நைட்ரஜன் கொண்ட தாவரப் பொருள்; கோல்ச்சிசினும் அதில் ஒன்று. அதற்குத் தேவைப்படும் நைட்ரஜனோ மிகக் குறைவு. கோல்ச்சிசின் மூலக்கூறில் 22 கார்பன் அணுக்களும் ஒரே ஒரு நைட்ரஜன் அணுவும் உள்ளன. எடையில் நைட்ரஜனின் பங்கு ஏறத்தாழ 3.5 சதவீதம். எக்டருக்கு 250 கிலோ விதையும் அதில் 0.8 சதவீதம் கோல்ச்சிசினும் கிடைப்பதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும், அந்த இரண்டு கிலோ கோல்ச்சிசினில் அடங்கும் நைட்ரஜன் 70 கிராம்தான். அது சுமார் 150 கிராம் யூரியாவில் கிடைத்துவிடும். கோல்ச்சிசினுக்கு மூலப்பொருளான ஃபீனைல்அலனின், டைரோசின் என்னும் அமினோ அமிலங்களைச் செடி தானே உருவாக்கிக்கொள்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்றுகூட அச்சிடாத புட்டியை ஆல்கலாய்டின் பெயரால் விற்பதை நான் ஏமாற்று வேலை என்றே சொல்வேன்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஆய்வு செய்தபோது விதையில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதே. உலர் எடையில் 0.7 சதவீதம் உள்ள விதை, 14 சதவீத ஈரத்துடன் எடை போடப்பட்டால் 0.6 என்றே காட்டும். இரண்டு நாளில் மூட்டை கட்டிய விதையில் ஈரம் தங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். பூஞ்சணம் பிடிக்கவும் அதுவே வழி. ஆகவே ஈரப்பதம் குறிப்பிடாத ஆய்வறிக்கையை ஏற்காதீர்கள்.

வெயிலையும் தவிர்க்க வேண்டும். ஒளி பட்டால் கோல்ச்சிசின் லூமிகோல்ச்சிசினாக உருமாறும். அதன் வளைய அமைப்பு மாறிவிடுவதால், செல்லுக்குள் டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றும் ஆற்றல் போய்விடுகிறது. யூரிக் அமில மூட்டுவலிக்குக் கோல்ச்சிசின் மருந்தாவது அந்தப் பற்றுதலால்தான். எனவே காய்களை நிழலில் பரப்பி, அவை தாமாக வெடித்த பிறகு விதையைப் பிரித்து, மீண்டும் ஒரு வாரம் நிழலிலேயே உலர்த்துங்கள். டியூபுலினைப் பற்றிச் செல் பிரிவதைத் தடுக்கும் அதே குணம்தான் கோல்ச்சிசினைக் கொடிய நஞ்சாகவும் ஆக்குகிறது; விதை பிரிப்பவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள், கால்நடைகளை அண்டவிடாதீர்கள்.

இன்னொன்று: விதையில் கோல்ச்சிசினை ஒத்த கோல்ச்சிகோசைடு என்னும் பொருளும் உண்டு. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் தயோகோல்ச்சிகோசைடு மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது. வியாபாரி கோல்ச்சிசினுக்கு மட்டும் விலை பேசினால், அறிக்கையில் கோல்ச்சிகோசைடு அளவையும் காட்டும்படி கேளுங்கள்.