வாசகர் கேள்வி – பதில்: ஏ.டி.வி.யின் வேகத்தைக் கூட்டலாமா?

கேள்வி: காட்டுத்தடங்களில் ஓட்டுவதற்காகப் பழைய ஏ.டி.வி. (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) ஒன்றை, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570, வாங்கினேன். நேரான, இறுகிய பாதையிலும் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போவதில்லை. நண்பரிடம் உள்ள இதே வண்டி 100ஐ நெருங்குகிறது. 27 அங்குல டயர், கிளட்ச் கிட் (கிளட்ச்சின் வெயிட், ஸ்பிரிங்குகளை மாற்றும் தொகுப்பு), இ.சி.யு. டியூனிங் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்பை மாற்றுவது) என மூன்று யோசனைகள் சொல்கிறார்கள். எதில் பணம் போடலாம்?
– ஒரு வாசகர், ஒன்டாரியோ, கனடா

பதில்: இதே வண்டி இன்னொருவரிடம் 100ஐ நெருங்குகிறது என்றால், உங்கள் வண்டி இருக்க வேண்டிய வேகத்தை இழந்திருக்கிறது என்றே பொருள். இழந்ததை மீட்பதுதான் முதல் வேலை. அதற்கு ஆகும் செலவும் நீங்கள் எழுதிய மூன்றையும்விடக் குறைவு.

இந்த வண்டியில் இருப்பது சி.வி.டி., அதாவது கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் உள்ள அதே பெல்ட் ஏற்பாடு. எஞ்சின் பக்கக் கிளட்சில் உள்ள வெயிட்கள் சுழற்சி கூடக்கூட வெளியே வீசப்பட்டு, கிளட்சின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. பெல்ட் அவற்றின் விளிம்பை நோக்கி ஏறுகிறது. எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு வேகம். பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்துவிட்டால், தட்டுகள் முழுவதும் நெருங்கிய பிறகும் அது பழைய உயரத்தை எட்டாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பின் பெல்ட் மூடியைக் கழற்றி, எஞ்சின் பக்கக் கிளட்ச்சின் தட்டில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். மூடியை மாட்டி, ஆளில்லாத நேர்ப்பாதையில் ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, எல்லாம் ஆறிய பிறகு மீண்டும் திறந்து பாருங்கள். பெல்ட் உரசிய இடம்வரை கோடு அழிந்திருக்கும். விளிம்பருகே கோடு அழியாமல் மிஞ்சியிருந்தால் பெல்ட் மேலே ஏறவில்லை என்பது உறுதி. பெல்ட்டின் தேய்மானம், கிளட்ச்சில் படிந்த தூசி, தேய்ந்த வெயிட்கள் ஆகியவற்றைப் பாருங்கள். கோடு விளிம்புவரை அழிந்தும் வேகம் வரவில்லை என்றால் குறை வேறிடத்தில் இருக்கிறது: அடைத்துப்போன ஏர் ஃபில்டர், வால்வு இடைவெளி, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றினாலே பிரேக் சங்கதி தெரிந்துவிடும். டயர்க் காற்றை வண்டியில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி வையுங்கள். இவ்வகை டயர்களில் காற்றழுத்தம் மிகக் குறைவு என்பதால் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைந்தாலும் வண்டி இழுபடும்.

இனி 27 அங்குல டயர். 25 அங்குலத்திலிருந்து 27க்குப் போனால் ஒரு சுற்றுக்கு 8 சதவீதம் கூடுதல் தூரம் ஓடும். கணக்குப்படி 80 என்பது 86 ஆக வேண்டும். ஆனால் வேகம் கூடும்போது காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கன அளவில் (வேகம் × வேகம் × வேகம்) உயர்கிறது. 80இலிருந்து 100க்குப் போகக் காற்றுக்கு மட்டுமே ஏறத்தாழ இரு மடங்கு சக்தி வேண்டும். ஓட்டுநர் நிமிர்ந்து அமரும் இந்த வண்டியின் 44 குதிரைத்திறன் அந்த இடத்தில் திணறும். டயரின் எடை கூடுவதால் கிளம்பும் வேகமும் குறையும். ஆகவே 27 அங்குல டயர் மாட்டியவர்களில் பலருக்கு உச்ச வேகம் கூடாததில் வியப்பில்லை.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் பின்சக்கரம் வழுக்கும்போது மட்டுமே முன்சக்கரங்கள் இணைய வேண்டும். முன், பின் டயர்களின் விட்டங்களுக்கிடையே உள்ள விகிதத்தை நம்பியே அந்த ஏற்பாடு வேலை செய்கிறது. முன்னால் மட்டும் பெரிய டயர் போட்டால், ஏ.டபிள்யூ.டி. (நான்கு சக்கரங்களுக்கும் சக்தி தரும் ஏற்பாடு) சுவிட்சைப் போட்டிருக்கும்போது முன்சக்கரங்கள் எப்போதும் இணைந்தே ஓடி, ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் வீணாகத் தேயும். பின்னால் மட்டும் போட்டால் தேவைப்படும் நேரத்தில் இணைவதற்குத் தாமதமாகும். மாற்றுவதானால் நான்கையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். அப்போதும் வண்டி ஓர் அங்குலம் உயர்ந்து, வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும்.

கிளட்ச் கிட் பெரும்பாலும் கிளம்பும் வேகத்துக்கும் மேட்டில் ஏறுவதற்குமே உதவும். பெரிய டயர் போட்டவர்களுக்கு அது தேவைப்படலாம். இ.சி.யு. டியூனிங் எஞ்சின் சுழற்சியின் மேல்வரம்பை உயர்த்துகிறது. பெல்ட் விளிம்பு வரை ஏறி, எஞ்சினும் வரம்பைத் தொட்டு நிற்கும் வண்டிக்குத்தான் அதனால் பயன் கிடைக்கும். உங்கள் வண்டி இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை.

எந்த மாற்றத்துக்கும் முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்துவிடுங்கள். அளவை அடுத்து வரும் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்று இருந்தால் அந்த டயர் 80 கி.மீ. வேகத்துக்கு உரியது, ‘ஜே’ என்றால் 100. ‘எஃப்’ டயரில் 100ஐத் தொட முயல்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 80இல் செல்லும் வண்டியைவிட 100இல் செல்லும் வண்டியை நிறுத்தப் பிரேக்குகள் ஒன்றரை மடங்குக்கும் மேல் உழைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்டாரியோவில் ஏ.டி.வி. ஓட்ட அனுமதியுள்ள பொதுச் சாலைகளிலும், வேக வரம்பு 50 அல்லது அதற்குக் கீழ் உள்ள சாலையில் 20 கி.மீ.க்கும், அதற்கு மேலுள்ள சாலையில் 50 கி.மீ.க்கும் மேல் செல்லக்கூடாது. கூடுதல் வேகம் தனியார் நிலத்திலோ தடத்திலோ மட்டுமே பயன்படும். தடத்தில் எதிரே யார் வருகிறார்கள் என்பது வளைவு தாண்டும்வரை தெரியாது.

கேள்வி: சைலன்சரை மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்களே?

பதில்: சத்தம் நிச்சயம் கூடும். சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் சக்தி சொற்பம்; எரிபொருள் அளவையும் அதற்கேற்பத் திருத்தாவிட்டால் கலவையில் காற்று மிகுந்து எஞ்சின் அதிகம் சூடாகும். அத்துடன் கம்பெனி சைலன்சருக்குள் தீப்பொறி வெளியேறாமல் தடுக்கும் வலை இருக்கிறது. அமெரிக்கத் தேசிய வனங்களில் அது இல்லாமல் ஓட்ட அனுமதி கிடையாது. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால், அந்த வலை இல்லாத சைலன்சரை எவரும் வாங்கக்கூடாது.

கேள்வி: நான்கு டயர்களையும் 25இலிருந்து 27 அங்குலத்துக்கு மாற்றிவிட்டேன். மீட்டர் 75 காட்டும்போது செல்போன் ஜி.பி.எஸ். 81 காட்டுகிறது. எது சரி?

பதில்: ஜி.பி.எஸ். சரி. மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சென்சார் கியர்பாக்ஸில் பற்சக்கரம் சுழல்வதை எண்ணுகிறதே தவிர, டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. ஓடிய தூரமும் அதே அளவு குறைவாகவே பதிவாகும்: மீட்டரில் 100 என்றால் உண்மையில் 108. எனவே ஆயில் மாற்றுவதையும் பெல்ட் பார்ப்பதையும் கிலோமீட்டரை வைத்துத் தீர்மானிக்காமல், மீட்டரிலேயே உள்ள எஞ்சின் மணிநேரக் கணக்கை வைத்துச் செய்யுங்கள்.