தோட்டக் கேள்வி பதில்: பிளம் மரத்தில் பழுப்பு அழுகல்

கேள்வி: எங்கள் வீட்டின் பின்தோட்டத்தில் ஒரு விக்டோரியா பிளம் மரம் நிற்கிறது. சென்ற இரண்டு ஆண்டுகளாக, ஆகஸ்டு மாதத்தில் பழம் நிறம் மாறும் சமயத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, சில நாட்களில் பழம் முழுவதும் அழுகிவிடுகிறது. ஒன்று அழுகினால் அந்தக் கொத்தே போய்விடுகிறது. என்ன மருந்து தெளிக்கலாம்?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: நீங்கள் விவரித்திருப்பது பழுப்பு அழுகல் நோய். மோனிலினியா என்னும் பூஞ்சையால் வருவது. பிரிட்டனில் பெரும்பாலும் காணப்படுபவை மோனிலினியா ஃபிரக்டிஜெனா, மோனிலினியா லாக்ஸா ஆகிய இரண்டு வகைகள். பிளம், செர்ரி, பீச், ஆப்பிள், பேரி ஆகிய மரங்களெல்லாம் இதற்கு ஆளாகின்றன. லாக்ஸா வகை வசந்த காலத்தில் பூக்களையும் தாக்கும். ஏப்ரலில் பூங்கொத்துகள் திடீரென வாடி, உதிராமல் பழுப்பு நிறத்தில் தொங்கியதைப் பார்த்திருந்தால், உங்கள் மரத்தில் இருப்பது அந்த வகையாக இருக்கலாம்.

மருந்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டுத் தோட்டக்காரர்கள் இந்த நோய்க்குப் பயன்படுத்தக்கூடிய பூஞ்சைக்கொல்லி எதுவும் விற்பனையில் இல்லை. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். ஒன்றிரண்டு மரங்கள் மட்டுமே உள்ள தோட்டத்தில் கைவேலையாலேயே இந்த நோயைப் பெருமளவு அடக்க முடியும். ஆனால் அந்த வேலையை, பழம் அழுகும் ஆகஸ்டில் அல்லாமல், மரம் மொட்டையாக நிற்கும் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

இலையுதிர்ந்தபின் மரத்தை அண்ணாந்து பாருங்கள். சென்ற பருவத்தில் அழுகிய பழங்களில் சில கீழே விழாமல், கருத்துச் சுருங்கி, உலர்ந்த திராட்சையைப் போலக் கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் தோல் போலக் கெட்டியாக இருக்கும்; உயிரற்றது என்றே தோன்றும். உண்மையில் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது அதற்குள்ளேதான். வசந்தத்தில் ஈரமும் இளஞ்சூடும் வந்ததும் அதன் மேல் புதிய வித்துகள் உண்டாகி, காற்றிலும் மழைத்துளியிலும் பூக்களுக்கும் காய்களுக்கும் பரவுகின்றன. ஆகவே இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல், ஏணி வைத்தாவது, கையால் ஒடித்து எடுத்துவிடுங்கள். மரத்தடியில் கிடப்பவற்றையும் பொறுக்குங்கள். என் அனுபவத்தில் எல்லோரும் அலட்சியப்படுத்தும் வேலை இதுதான். மற்ற எதைவிடவும் அதிகப் பலன் தருவதும் இதுவே.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பிளம் மரத்தைக் குளிர்காலத்தில் கவாத்து செய்தால், வெட்டுக்காயம் வழியாக வெள்ளி இலை நோய் என்னும் வேறொரு பூஞ்சை நோய் புகுந்து மரத்தையே கொன்றுவிடக்கூடும். எனவே குளிர்காலத்தில் காய்ந்த பழங்களை அகற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, நோய் கண்ட கிளைகளைக் கோடையில், மழையில்லாத நாளாகப் பார்த்து, நல்ல பகுதி வரை வெட்டுங்கள்.

அடுத்து, நோய் பழத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காயமில்லாத தோலைத் துளைத்துச் செல்வது இந்தப் பூஞ்சைக்கு எளிதன்று. குளவி கடித்த இடம், பறவை கொத்திய இடம், புழு துளைத்த ஓட்டை, வறட்சிக்குப் பின் பெருமழை பெய்து தோல் வெடித்த கீறல் ஆகியவையே அதற்கு வாசல்கள். உள்ளே நுழைந்தபின், ஒட்டியிருக்கும் அடுத்த பழத்துக்குத் தொடுதலாலேயே பரவும். உங்கள் கொத்துகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், இரண்டாவது பழத்தின் பழுப்புப் புள்ளி, முதல் பழம் அதைத் தொட்ட இடத்திலேயே தொடங்கியிருப்பதைக் காண்பீர்கள். விக்டோரியா அளவுக்கு மீறிக் காய்க்கும் ரகம் என்பதால் இந்தத் தொல்லை அதற்கு இன்னும் அதிகம். ஜூனில் தானாக உதிர்வது போக மீதமுள்ள காய்களை, ஒன்றுக்கொன்று 5 முதல் 8 செ.மீ. இடைவெளி இருக்குமாறு கலைத்துவிடுங்கள். பிஞ்சைக் கிள்ளி எறிய மனம் வராதுதான். ஆனால் எஞ்சியவை பெரிதாகும், பாரம் தாங்காமல் கிளை முறிவதும் குறையும்.

பழுக்கத் தொடங்கியபின் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது மரத்தைச் சுற்றி வந்து, புள்ளி விழுந்த பழங்களை உடனே பறித்துவிடுங்கள். அவற்றை வீட்டு மட்குக் குவியலில் போடாதீர்கள். பூஞ்சை அழியும் அளவுக்கு அங்கே சூடு ஏறுவதில்லை. 30 செ.மீ. ஆழத்தில் புதைக்கலாம், அல்லது நகராட்சியின் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடலாம்.

கேள்வி: அக்டோபரில் பெட்டியில் அடுக்கி வைத்த ஆப்பிள்களில் சில, பூசணம் எதுவும் தெரியாமல் முழுக்கக் கறுத்து மினுமினுக்கின்றன. இதுவும் அதே நோயா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: பெரும்பாலும் அதே நோய்தான். மரத்தில் இருக்கும்போது, அழுகிய ஆப்பிளின் மேல் வட்டம் வட்டமாக மங்கிய மஞ்சள் நிறக் கொப்புளங்கள் எழும். இருட்டான சேமிப்பில் அவை எழாமல் தோல் கறுத்துவிடுவதும் உண்டு. அடிபட்டவற்றையும் காம்பு பிய்ந்தவற்றையும் சேமிக்காமல் முதலில் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, நல்லவற்றை மட்டும் ஒன்றையொன்று தொடாதவாறு, தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, குளிர்ந்த காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை பெட்டியைப் பார்த்து, கெட்டதை அப்புறப்படுத்துங்கள்.